எளிய இல்லம் கண்ட ஏந்தல்

தருமபுரி நகருக்கு அருகே ஓங்கி நிற்கும் மலைகளுள் ஒன்று வத்தல்மலை. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் செல்வோர், அடிவாரத்து வெயிலை மறந்து, மேலே தண்ணென்ற காற்றை நுகர்வர். அங்கே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் ஊர்கள் அமைத்து வாழ்கின்றனர், சாமையும் கேழ்வரகும் விளைக்கின்றனர், காப்பியும் பயிரிடுகின்றனர். இத்தகைய மலையூர்களில் முன்னோர் கட்டிய வீடுகள் மண் சுவரும் புற்கூரையும் உடையவை. காலடியில் கிடைத்த மண்ணும், காட்டில் விளைந்த மூங்கிலும், சரிவில் வளர்ந்த புல்லுமே அவற்றின் பொருள்கள். கோடையில் அவ்வீடுகள் குளிர்ந்திருந்தன. பனிக்காலத்தில் வெதுவெதுப்பாக இருந்தன. அவற்றைக் கட்டியோர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். ஆயினும் கதிரவன் எப்பக்கம் காய்வான், காற்று எப்பக்கம் வீசும், மழை எப்பக்கம் சாரும் என்பவற்றை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அவ்வறிவை நாகரிக உலகம் நெடுங்காலம் மதிக்கவில்லை. மண் வீடு வறுமையின் அடையாளம் என்று கருதப்பட்டது. கற்றவர் அதனைக் கண்டு முகம் சுளித்தனர். அதில் வாழ்ந்தவரும் நாணினர். இந்நிலையில், மேலை நாட்டில் பிறந்து, அங்கே கட்டடக் கலை பயின்று பட்டம் பெற்ற ஒருவர், இந்திய மலைமக்களின் வீட்டு வாயிலில் மாணவராக வந்து நின்றார். அவர் கண்ட மலை வத்தல்மலை அன்று; வடக்கே உள்ள இமயமலை. அங்கே கற்ற பாடத்தைக் கொண்டு, தெற்கே கேரள நாட்டில் ஏழைகளுக்கும் எளியவர்க்கும் எண்ணற்ற இல்லங்களை அவர் அமைத்தார். அவரே லாரி பேக்கர்.

ஆங்கில நாட்டில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரம் உண்டு. அந்நகரில் 1917-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் பேக்கர் பிறந்தார். லாரன்ஸ் வில்பிரெட் பேக்கர் என்பது அவருடைய முழுப் பெயர். பர்மிங்காமில் இருந்த கட்டடக் கலைப் பள்ளியில் சேர்ந்து பயின்று, 1937-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், அவர் பட்டம் பெற்றார். இளமையிலேயே குவேக்கர் என்னும் சமயக் குழுவின் கொள்கையில் அவர் உள்ளம் ஈடுபட்டது. எளிய வாழ்வும், போரை மறுக்கும் அமைதி நெறியும் அக்குழுவினர் போற்றும் அறங்கள்.

பேக்கர் தொழில் தொடங்கிய சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இளைஞர் பலர் படைக்கலம் ஏந்திப் போர்க்களம் சென்றனர். பேக்கரோ படைக்கலம் ஏந்த மறுத்தார். ஆயினும் போருக்கு அஞ்சி அவர் வீட்டில் ஒளிந்திருக்கவில்லை. காயமுற்றோரைக் காக்கும் மருத்துவத் தொண்டர் குழுவில் சேர்ந்து, தொலைவில் உள்ள சீன நாட்டிற்குச் சென்றார். கட்டடம் வரையக் கற்ற கைகள் அங்கே நோயாளரின் புண்களைக் கழுவின. அறுவை மருத்துவத்தின்போது மயக்க மருந்து கொடுத்தன. பிறர் அருகிலும் செல்ல அஞ்சிய தொழுநோயாளர்க்கும் அவர் தொண்டு செய்தார். ஓயாத உழைப்பால் உடல் நலிவுற்று, தாயகம் திரும்பப் புறப்பட்டார்.

திரும்பும் வழியில் பம்பாய் நகரில் கப்பலுக்காகச் சில திங்கள் காத்திருக்க நேர்ந்தது. அக்காத்திருப்பே அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. நண்பர் ஒருவர் வழியாக அவர் காந்தியடிகளைக் காணும் பேறு பெற்றார். அப்போது பேக்கர், சீன நாட்டு முறையில் கந்தல் துணிகளால் கையினால் செய்யப்பட்ட காலணிகளை அணிந்திருந்தார். அடிகளின் கண்கள் அக்காலணிகளின் மேல் சென்றன. கழிக்கப்பட்ட துணியும் பயன்பட்டதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். அதனைச் செய்யும் முறையையும் விரும்பிக் கேட்டார். பின்னர் இருவரும் உரையாடினர். இந்திய நாட்டுக் கிராமங்களில் கட்டடக் கலைஞனுக்கு உரிய பணி மிகுதியாக உள்ளது என்பதைப் பேக்கர் அடிகளிடமிருந்து உணர்ந்தார். வீடு கட்டுவதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்பது அடிகளின் கொள்கை. சேவாகிராமத்தில் மண்ணும் மூங்கிலும் கொண்டு எழுந்த அவருடைய குடில் அக்கொள்கைக்குச் சான்றாக நின்றது. இக்கருத்து பேக்கரின் உள்ளத்தில் பசுமரத்தாணி போலப் பதிந்தது.

இங்கிலாந்து சென்ற பேக்கர், 1945-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு மீண்டும் வந்தார். தொழுநோயாளரை அடைத்து வைத்திருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றியமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லூரியில் பயின்ற நூல்களை அவர் உடன் கொண்டு வந்திருந்தார். ஆனால் அந்நூல்கள் இங்கே பயன்படவில்லை. கொட்டித் தீர்க்கும் பருவ மழையையும், மரத்தை அரித்துத் தின்னும் கறையானையும், அனல் வீசும் கோடையையும் அவை அறியவில்லை. செம்மண், சாணம், சுண்ணாம்பு, கருப்பட்டி முதலிய பொருள்களால் கட்டுவது எங்ஙனம் என்று அவை கூறவில்லை. எழுதப் படிக்க அறியாத கொத்தரும் தச்சரும் அவற்றை அறிந்திருந்தனர். தாம் அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொள்ளும் பண்பு பேக்கரிடம் இருந்தது. கற்றோம் என்னும் செருக்கினை நீக்கி, அவ்வெளிய மக்களிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்.

1948-ஆம் ஆண்டில் கேரள நாட்டைச் சேர்ந்த எலிசபெத் என்னும் மருத்துவ அம்மையாரை அவர் மணந்தார். மணமக்கள் இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகர் என்னும் பகுதிக்குச் சென்றனர். அது இக்காலத்தில் உத்தராகண்டு மாநிலத்தில் உள்ளது. வந்திருப்பவர் மருத்துவர் என்று அறிந்ததும் மலைமக்கள் நோயாளரைத் தூக்கிக்கொண்டு வந்தனர். அவர்களுக்கு வேறு மருத்துவ வசதி இல்லை. அவர்களை விட்டுச் செல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. சில நாள் தங்கச் சென்றவர்கள் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டனர். அம்மையார் மருத்துவம் பார்த்தார். பேக்கர் மருத்துவமனையைக் கட்டினார். வேண்டும்போது செவிலியாகவும் துணை நின்றார்.

அம்மலையே பேக்கருக்கு உண்மையான கல்லூரியாயிற்று. மலைமக்களின் வீடுகளை அவர் நாள்தோறும் நுணுகி நோக்கினார். அவர்கள் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை. சரிவுக்கு இயைந்தவாறு வீட்டை அமைத்தனர். அருகில் கிடைத்த கல்லால் தடித்த சுவர் எழுப்பினர். பலகைபோல் பிளக்கும் கல்லால் கூரை வேய்ந்தனர். கீழ்த்தளத்தில் கால்நடைகளைக் கட்டினர். மேல்தளத்தில் தாம் வாழ்ந்தனர். கால்நடைகளின் உடற்சூடு மேலே பரவிக் குளிரைத் தணித்தது. பகலெல்லாம் வெயிலை உண்ட தடித்த சுவர், இரவில் அவ்வெப்பத்தைச் சிறிது சிறிதாக வெளியிட்டது. அவ்வீட்டில் வீணான பொருள் ஒன்றும் இல்லை. பல நூறு ஆண்டுகள் பட்டறிந்து, தவறியதை நீக்கி, தக்கதைக் கொண்டு கண்ட அறிவியல் அது என்பதைப் பேக்கர் உணர்ந்தார்.

1963-ஆம் ஆண்டில் பேக்கர் குடும்பத்தினர் கேரளத்தின் வாகமண் மலைக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர்த் திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறை என்னும் இடத்தில் நிலையாகத் தங்கினர். அங்கே பாறைகள் நிறைந்த ஒரு குன்றுச் சரிவில் பேக்கர் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார். பாறையை உடைக்காமலும், மரத்தை வெட்டாமலும், நிலம் சென்ற வழியே வீடும் சென்றது. பிறர் இடித்தெறிந்த பழைய கதவுகளும் சன்னல்களும் அவ்வீட்டில் மறுவாழ்வு பெற்றன. கந்தல் துணியைக் காலணியாக அணிந்தவர் அன்றோ அவர்!

ஒரு வீட்டின் பொருட்டு எரிபொருள் இருவகையில் செலவாகிறது. கட்டும்போது ஒருமுறை செலவாகிறது. கட்டிய பின்னர் வாழும் நாளெல்லாம் செலவாகிறது. சிமெண்டு செய்வதற்குச் சுண்ணாம்புக் கல்லை 1,400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுதல் வேண்டும். இரும்பை உருக்குவதற்கும் செங்கல்லைச் சுடுவதற்கும் நிலக்கரியும் விறகும் எரிகின்றன. இவ்வாறு பெருஞ்செலவில் எழுந்த வீடு காற்றும் ஒளியும் புகாததாக அமையுமானால், பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டும். இரவெல்லாம் விசிறி சுழல வேண்டும். குளிர்விக்கும் பொறியும் வேண்டும். இவ்விரு செலவுகளையும் ஒருங்கே குறைப்பதே பேக்கர் மேற்கொண்ட பணி. மண் சுவருக்கு நெருப்பே வேண்டாம் என்பதை அவர் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டினார். செங்கல்லைக் கையாள நேர்ந்தபோது, ஒரு கல்லையும் வீணாக்காத வழிகளைக் கண்டார்.

அவ்வழிகளுள் ஒன்று எலிப்பொறிக் கட்டு என்பது. கொத்தர் வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கையாக வைத்துச் சுவர் எழுப்புவர். பேக்கர் செங்கல்லை விளிம்பின்மேல் நிறுத்தி வைக்கச் செய்தார். அவ்வாறு வைக்கும்போது சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகும். அதனால் செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. நடுவே அடைபட்ட காற்று, வெளிவெப்பம் உள்ளே புகாதவாறு தடுத்தது. கல் குறைந்தது, செலவு குறைந்தது, வெப்பமும் குறைந்தது. ஒரு செயலால் மூன்று பயன் விளைந்தது.

கூரைத் தளத்திலும் அவர் இவ்வாறே சிக்கனம் கண்டார். கான்கிரீட்டுத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது உள்ளே பதித்த இரும்புக் கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டு அதற்கு மிகுதியாக உதவுவதில்லை. ஆகவே கம்பிகளுக்கு இடையே அவர் ஓடுகளைப் பதிக்கச் செய்தார். தளத்தின் எடை குறைந்தது, சிமெண்டும் குறைந்தது, ஓடுகளுக்கு இடையே தங்கிய காற்றால் வெயிலின் கொடுமையும் தணிந்தது.

சன்னலுக்கு மரமும் கம்பியும் கண்ணாடியும் வேண்டும். பேக்கர் பல இடங்களில் சன்னலுக்கு மாறாகத் துளைச்சுவர் அமைத்தார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினால் அழகிய பின்னல் போன்ற சுவர் உண்டாகும். அதன் துளைகளின் வழியே தென்றல் தவழ்ந்து வரும். கண்ணைக் கூசச் செய்யாத மெல்லிய ஒளி வரும். கள்வர் மட்டும் வரமாட்டார். தாழ்ந்து நீண்ட இறவாரங்கள் வெயிலையும் மழையையும் சுவரில் படாதவாறு காத்தன. சுவருக்கு வெளிப்பூச்சு இல்லை, வண்ணமும் இல்லை. செங்கல்லின் இயற்கை நிறமே அழகென்று அவர் கருதினார்.

பேக்கர் வட்ட வடிவ வீடுகளையும் விரும்பி அமைத்தார். இதிலும் ஒரு கணக்கு உண்டு. நாற்பது அடி நீளமுள்ள சுவரைச் சதுரமாக வளைத்தால், பக்கத்திற்குப் பத்து அடியாக, 100 சதுர அடி இடம் கிடைக்கும். அதே சுவரை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 127 சதுர அடி இடம் கிடைக்கும். சுவர் ஒன்றே, இடம் மிகுதி. பள்ளியில் பயிலும் கணக்கு ஏழையின் வீட்டை எவ்வாறு பெரிதாக்குகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1971-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் என்னும் கல்வி நிலையம் தோன்றியது. அதனை நிறுவிய பொருளியல் அறிஞர் கே. என். ராஜ், கட்டடங்களை அமைக்கும் பொறுப்பைப் பேக்கரிடம் ஒப்படைத்தார். மேடும் பள்ளமுமான நிலத்தில், நின்ற மரங்களைக் காத்து, பேக்கர் நூலகமும் வகுப்பறைகளும் விடுதிகளும் எழுப்பினார். ஓரிடத்தில் குளத்தின் அருகே உயர்ந்த துளைச்சுவர் ஒன்றை நிறுத்தினார். காற்றின் அழுத்த வேறுபாட்டினால் குளிர்ந்த காற்று அதன் வழியே கட்டடத்தினுள் ஈர்க்கப்பட்டது. அதற்குப் பொறி இல்லை, மின்சாரமும் இல்லை. நீரும் காற்றும் செங்கல்லும் சேர்ந்து அப்பணியைச் செய்தன.

அவர் அறிஞர்க்கு மட்டும் கட்டியவர் அல்லர். திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறைக் கடற்கரையில் மீனவர்க்கு வீடுகள் அமைத்தார். வரிசையாக நெருக்கிக் கட்டினால் முன்வீடு பின்வீட்டின் காற்றை மறைக்கும். ஆகவே அவர் வீடுகளை ஒன்றுக்கொன்று விலகி நிற்கும்படி அமைத்தார். கடற்காற்று ஒவ்வொரு வீட்டின் உள்ளும் புகுந்தது. செல்வர் மாளிகையில் வீசும் காற்று மீனவர் குடிலிலும் வீச வேண்டும் என்பது அவர் கருத்து.

நல்ல முயற்சி எதற்கும் எதிர்ப்பு உண்டு. பூச்சற்ற சுவரைக் கண்டோர், வீடு முற்றுப்பெறவில்லை என்று எள்ளினர். நடுவே வெற்றிடம் உள்ள சுவர் நிற்குமா என்று ஐயுற்றோரும் உண்டு. மலிவான வீடு ஏழைக்கு மட்டுமே உரியது என்று செல்வர் ஒதுக்கினர். செல்வர் ஒதுக்கியது தமக்கு இழிவு என்று ஏழையும் தயங்கினர். பேக்கர் வாதத்தில் காலம் கழிக்கவில்லை. நாள்தோறும் வேலை நடக்கும் இடத்திற்குச் சென்று, கொத்தரோடு கொத்தராக நின்று பணி செய்தார். பயன்படுத்திய உறைகளின் பின்புறத்திலும் துண்டுத் தாள்களிலும் படம் வரைந்தார். அவர் எழுப்பிய சுவர்கள் மழையிலும் வெயிலிலும் உறுதியாக நின்றன. அச்சுவர்களே எள்ளியவர்க்கு விடையாயின.

தாம் கண்ட முறைகளை அவர் தம் உடைமையாக வைத்துக்கொள்ளவில்லை. யாவரும் கற்று மேற்கொள்ளுமாறு, தம் கையாலேயே படங்கள் வரைந்து சிறு நூல்களை எழுதினார். கேரள முதலமைச்சராக விளங்கிய அச்சுத மேனன், கே. என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து, 1985-ஆம் ஆண்டில் காஸ்ட்போர்டு என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். குறைந்த செலவில் வீடு அமைக்கும் கலையைப் பரப்புவது அதன் நோக்கம். இளங்கலைஞர் பலர் அங்கே பயிற்சி பெற்றனர்.

பேக்கர் பின்னாளில் இந்தியக் குடிமகன் ஆனார். 1990-ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்து அவரைச் சிறப்பித்தது. தொண்ணூறு ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்து, 2007-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் முதல் நாள், திருவனந்தபுரத்தில் அவர் இயற்கை எய்தினார். பிறந்த மண் வேறாயினும், அவர் உடல் கலந்த மண் இந்திய மண்ணே.

இன்று உலகம் எரிபொருளைப் பற்றிக் கவலை கொண்டுள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்கக் குறைவன. அவற்றின் புகையால் புவியின் வெப்பமும் ஏறுகிறது. கதிரவன் ஒளியும் காற்றும் கொள்ளக் கொள்ளக் குறையாதன. ஆகவே கூரையின்மேல் தகடு பதித்துக் கதிரவன் ஒளியை மின்சாரமாக மாற்றும் முறை பரவி வருகிறது. தமிழ்நாட்டு அரசும் 2011-ஆம் ஆண்டில் பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்து, 300 சதுர அடிப் பரப்புள்ள வீடுகளில், கதிரவன் ஆற்றலால் எரியும் ஐந்து விளக்குகளை அமைக்க வகை செய்தது. இவை யாவும் போற்றத் தக்கவை. ஆயினும் அனலைக் கக்கும் வீட்டின்மேல் எத்தனை தகடுகள் பதித்தாலும் போதா. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோர் முதலில் ஓட்டையை அடைத்தல் வேண்டும். வெயிலைத் தடுத்து, காற்றை அழைத்து, பகலொளியை வரவேற்கும் வீட்டிற்குச் சிறிய தகடே போதுமானது. பேக்கரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

வத்தல்மலையிலும் பிற மலைகளிலும் பழைய வீடுகள் மறைந்து வருகின்றன. அவற்றில் குறைகள் இல்லாமல் இல்லை. புற்கூரை ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தக்கது. நெருப்புக்கு எளிதில் இரையாவது. மண் சுவர் மழையில் கரையக் கூடியது. ஆகவே மலைமக்கள் உறுதியான வீட்டை விரும்புவது தவறன்று. அது அவர்களது உரிமை. ஆனால் பழைய வீட்டை இடிக்கும்போது, அதனுள் இருந்த அறிவையும் சேர்த்து இடித்துவிடுதல் கூடாது. சுவர் ஏன் தடித்திருந்தது, கூரை ஏன் தாழ்ந்திருந்தது, வாயில் ஏன் அத்திசை நோக்கியது என்று முதியோரிடம் கேட்டறிதல் வேண்டும். பின்னர்ப் புதிய அறிவியல் தரும் உறுதியை அதனோடு சேர்த்தல் வேண்டும். பேக்கர் செய்தது அதுவே.

நாளை வீடு கட்டப் போகிறவர்கள் இன்று பள்ளியில் பயிலும் சிறுவரும் சிறுமியருமே. அவர்களுள் சிலர் பொறியாளர் ஆவர். சிலர் கொத்தர் ஆவர். பலர் தமக்கென ஓர் இல்லம் அமைப்பர். அன்று அவர்கள் சுவர் எழுப்புவதற்கு முன், அந்நிலத்தில் சிறிது நேரம் நின்று, கதிரவன் செல்லும் வழியையும் காற்று வரும் வழியையும் நோக்குவார்களாக. அந்நிலத்தில் நெடுநாள் வாழ்ந்தவரின் சொல்லுக்குச் செவி சாய்ப்பார்களாக. அவ்வாறு எழும் இல்லம் ஒவ்வொன்றும் லாரி பேக்கரின் நினைவுச் சின்னமாக விளங்கும்.